இறக்குப்பாறை

வத்தல்மலை
14.9.2025

அன்புள்ள பேத்தி தேவிப்பிரியாவுக்கு ஆயா சாலம்மாள் எழுதுவது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமன் ஜெயபாலின் மூத்தவன் மதியழகன் போலீஸ் வேலைக்கான ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாவற்றிலும் ஜெயித்து ஆர்டர் வாங்கிவிட்டான். கயிற்றில் குரங்கு மாதிரி ஏறினானாம். இங்கே பலா மரத்தில் ஏறிய பழக்கம்தானே. அடுத்தவள் கோகிலவாணி நர்ஸ் படிப்பை முடித்து, சேலத்தில் வெள்ளை உடுப்புப் போட்டு நிற்கிறாள். அவள் ஊசி போட்டால் வலிப்பதே இல்லையாம். கடைக்குட்டி சந்துரு பத்தாவதில் நானூற்று முப்பத்தொன்று. இந்த மலையில் இந்த வருஷம் அவனுக்கு மேல் யாரும் இல்லை.

இத்தனை பேருக்கும் மேலே நீ. இங்கிருந்து ஏரோப்ளேன் ஏறின முதல் ஆள். நான் பஸ்ஸில் கால் வைத்தால் கண்டக்டரே, "ஜப்பான் ஆயா வராங்க, எடம் குடுங்க" என்கிறான். நானும் பெரிய மனுஷி மாதிரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்கிறேன்.

இனி என் குறையைக் கேள். போன வாரம் சந்துரு செல்போனில் ஒரு படம் காட்டினான். நீ முதுகில் பையும் கையில் கோலுமாக ஒரு காட்டுப் பாதையில் நிற்கிறாய். உனக்கு முன்னால் தலை நரைத்த வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். "லீவுல போயிருக்குதாடா?" என்றேன். "இல்ல ஆயா, அக்காவுக்கு வேலையே இதுதான். மலையில ஆளுங்கள நடக்க வச்சுக் கூட்டிக்கிட்டுப் போறது" என்கிறான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நீ ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடப்பதற்கு ஒரு கம்பெனியா? இங்கே ரோடு வந்த அன்றைக்கு ஆடு வெட்டிப் பொங்கல் வைத்தோம், இனிமேல் நடக்க வேண்டாம் என்று. அங்கே இருக்கிற ரோட்டை விட்டுவிட்டு மலையில் ஏறுகிறார்களா? இதற்கா உன்னைக் கீழே விடுதியில் விட்டுப் படிக்க வைத்தேன்?

இன்னொன்று. சித்திரையில் வந்து போனதிலிருந்து நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. சந்துரு கூப்பிட்டால் எடுக்கிறாய். ஆயா என்ன குற்றம் செய்தேன் என்று எழுது. நான் ஐந்தாவது படித்தவள், வாசித்துக்கொள்வேன். வேறு யாரையும் வைத்து வாசிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஆயா சாலம்மாள்

•

வகயாமா, ஜப்பான்
4.10.2025

ஆயாவுக்கு,

சந்துரு சொன்னது சரிதான். நான் ஆபீஸில் இல்லை. முதலில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்தேன். மொழி நன்றாக வந்ததும் மலைநடைக்கு ஆள் கூட்டிப்போகும் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். உங்களிடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

இங்கே குமானோ என்ற மலையில் சாமி கும்பிடப் போகிறவர்களின் பாதை ஒன்று இருக்கிறது. ஆயிரம் வருஷத்துப் பாதை. ராஜாவும் நடந்திருக்கிறார், பிச்சைக்காரனும் நடந்திருக்கிறான். இப்போது பல தேசத்து ஆட்கள் நாலைந்து நாள் நடப்பதற்கென்றே வருகிறார்கள். அவர்கள் பெட்டியெல்லாம் வண்டியில் முன்னால் போய்விடும். சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீரும் மட்டும் முதுகில். வழி தெரிந்த பெரியவர் ஒருத்தர் முன்னால் நடப்பார். நான் கடைசியில். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் என் வேலை. வேர்கள் குறுக்கே ஓடும், கல்படிகளில் பாசி பிடித்திருக்கும். மழை பெய்தால் நம் பழைய பாதையின் வாசனையே வரும்.

அந்தப் பாதையில் நடந்துபோகும்போதே செத்தவர்களுக்கு அங்கங்கே கல் நட்டிருக்கிறார்கள். சில கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அப்படி ஒரு கல்லுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் மத்தியானம் சாப்பிட உட்காருவோம். முதல் தடவை எல்லோரும் உட்கார்ந்தார்கள், நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஏன் என்று பெரியவர் கேட்டார். கால் மரத்துவிட்டது என்று சொன்னேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டீர்கள். சித்திரையில் திரும்பி வரும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நம் ஊர் மாயவன் தாத்தாவைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டார். மலைப் பாதையில் நடக்கிற வேலை என்றேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்கம்மாவ நாங்க நாலு பேரு தூளி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்குன பாதையில இன்னிக்கி முள்ளு மொளச்சுக் கெடக்குது கண்ணு. எறக்குங்க எறக்குங்கன்னு அழுதுச்சு நிர்மலா. உங்காயாதான் வுடல. பாதையிலயே போயிருச்சு."

"அம்மா ஆஸ்பத்திரியிலதான செத்துச்சு?" என்றேன். "உனக்குச் சொல்லலையா?" என்றார். "கெழவன் ஏதோ ஒளர்றேன், வுடு" என்று எழுந்து போய்விட்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

இருபத்தைந்து வருஷமாக நான் கேட்ட கதை வேறு. என்னைப் பெற்றுவிட்டு அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தாள். மேலே ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, டாக்டர் அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நீங்கள் சொன்னதுதான்.

இரண்டே கேள்வி. என் அம்மா எங்கே செத்தாள்? இறக்கச் சொல்லிக் கேட்டாளா?

தேவிப்பிரியா

•

வத்தல்மலை
24.10.2025

தேவிப்பிரியாவுக்கு,

கடிதம் வந்தது. "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்று சொன்ன வாய். ஜப்பான்காரர்கள் மரியாதை கற்றுக்கொடுத்தார்கள் போலிருக்கிறது.

மாயவன் பேச்சை நம்பிக் கடல் கடந்து சண்டைக்கு வருகிறாயா? அவனுக்கு நாலு பேர் நடுவில் கதை வேண்டும். போன வருஷம் காப்பித் தோட்டத்தில் சிறுத்தையைப் பார்த்தேன் என்று ஊரைக் கூட்டினான். டார்ச் லைட் எடுத்துக்கொண்டு எல்லோரும் போனால் பக்கத்து வூட்டு நாய் படுத்திருக்கிறது.

பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது? உன்னைப் பெற்றவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை இறக்குப்பாறையில் கொண்டுபோய் இறக்குவார்களா? எந்தத் தாயாவது சம்மதிப்பாளா, நீயே சொல்.

தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல மழை. இந்த வருஷம் சாமை தேவலாம், மிளகுதான் உதிர்ந்துவிட்டது. பொங்கலுக்கு நீ வரும்போது பழைய காப்பிக்கொட்டையை வறுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆயா

•

வகயாமா, ஜப்பான்
8.11.2025

ஆயாவுக்கு,

நான் இறக்குப்பாறை என்று எழுதவே இல்லை. என் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மாயவன் தாத்தாவும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இடம் எனக்குத் தெரியும். கீழே செத்தவர்களை மேலே தூக்கி வரும்போது தோள் மாற்றுவதற்காகப் பிணத்தை இறக்கி வைக்கிற ஒரே இடம். உயிரோடு இருப்பவர்கள் அதில் உட்காரக் கூடாது, விறகுக்கட்டைக்கூட வைக்கக் கூடாது. சின்ன வயதில் கால் வலிக்கிறது என்று நான் அங்கே உட்காரப் போனால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவீர்கள். "அடுத்த வளைவுல உக்காந்துக்கலாம்" என்பீர்கள். அடுத்த வளைவில் உட்கார இடமே இருக்காது.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. எங்கள் கூட்டத்தில் எழுபது வயது அம்மா ஒருத்தர். ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். ஏற்றத்தில் பின்தங்கிவிட்டார். நான் உங்களிடம் சொன்ன கல்லின் பக்கத்தில் வந்ததும், கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டார். "இங்கே வேண்டாம், அடுத்த வளைவில்" என்றேன். அடுத்த வளைவு செங்குத்துப் படி. எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாயில் அதுதான் வந்தது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். பத்து நிமிஷத்தில் எழுந்து நடந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை ஆயா. நான்தான் அந்தப் பாதிப் பழத்தையும் நின்றுகொண்டே தின்றேன்.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். டிசம்பர் பாதிக்குள் உறுதி சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எழுதினால் வருவேன் என்று சொல்ல மாட்டேன். எழுதாவிட்டால் வரமாட்டேன்.

தேவிப்பிரியா

•

வத்தல்மலை
26.11.2025

தேவிப்பிரியாவுக்கு ஆயா எழுதுவது.

உன் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் பட்டது. இன்றைக்கு வூட்டில் யாரும் இல்லை. எழுதுகிறேன்.

அது ஐப்பசி மாசம். நிர்மலாவுக்கு இரண்டு நாளாக வலி. மருத்துவச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னால ஆகாது, கீழ கொண்டு போயிடுங்க" என்றாள். விடிந்ததும் மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி அவளைப் படுக்க வைத்தோம். முன்னால் மாயவனும் இன்னொருவரும், பின்னால் உன் தாத்தா காளியனும் இன்னொருவரும். நான் தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தூறல் விடவில்லை. அடிவாரத்தில் வண்டி பேசி நிறுத்துவதற்காக உன் அப்பன் முன்னாலேயே இறங்கி ஓடியிருந்தான்.

பாதி மலை இறங்கும்போது பாறை வந்தது. இரண்டு கட்டில் அகலம். அதை விட்டால் அடிவாரம் வரைக்கும் சமமான இடம் கிடையாது. தூளிக்குள் அவள் நெளிந்தாள். மாயவன் நின்றான்.

"எறக்கட்டுங்களா அக்கா? புள்ளக்கி நேரம் வந்துருச்சு போல இருக்குது."

நிர்மலாவும் கேட்டாள். நீ கேட்டாயே, கேட்டாளா என்று. கேட்டாள். "ஆத்தா, எறக்கச் சொல்லு ஆத்தா. என்னால முடியல. இங்கயே எறக்கச் சொல்லு."

நான், "இங்க வேண்டாம். அடுத்த வளைவுக்குப் போங்க" என்றேன்.

உன் தாத்தா பின்னாலிருந்து, "அடுத்த வளைவுல எடம் ஏதுடி?" என்றார்.

"பொணத்த எறக்குற எடத்துல எம்மவள எறக்க மாட்டேன். நடங்க" என்று கத்தினேன். அந்தக் காலத்தில் என் குரலுக்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. நடந்தார்கள்.

அங்கே இறக்கினால் அவள் செத்துப்போவாள் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. என் ஆத்தா என்னிடம் சொன்னது, அவளுக்கு அவள் ஆத்தா சொன்னது. அதைப் பொய் என்று நினைக்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வளைவைத் தாண்டியதும் தூளிக்குள்ளேயே நீ பிறந்துவிட்டாய். சரிவில் நிற்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. தூளி தொங்கிக்கொண்டே இருக்க, நான் கையை உள்ளே விட்டு உன்னை எடுத்தேன். உன் தாத்தா தோளில் கழியைத் தாங்கிக்கொண்டே இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து நீட்டினார். கொடியை அறுத்து உன்னை என் மாராப்புக்குள் போட்டுக்கொண்டேன். நீ நன்றாக அழுதாய். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கம்பளிக்கு அடியில் ரத்தம் சொட்டியதை நான் பார்க்கவில்லை. பின்னால் வந்த உன் தாத்தா பார்த்திருக்கிறார்.

"என்ன புள்ள?" என்று கேட்டாள்.

"பொட்டப் புள்ள. உன்னாட்டமே இருக்குது."

"காட்டு ஆத்தா."

"மழையா இருக்குது. கீழ போயிக் காட்டுறேன்" என்றேன்.

கீழே போய் இறக்கும்போது அவள் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை. உன்னைக் காட்டப் போனோம். ஃபேன் சுற்றியதும் லைட் எரிந்ததும் நான் பார்த்ததுதான். அவள் பார்க்கவில்லை. டாக்டர் அம்மா தொட்டது உன் நெற்றியை.

அன்றைக்குச் சாயங்காலமே அவளை மேலே தூக்கி வந்தோம். அதே கம்பளி, அதே கழி. பாறை வந்ததும் மாயவன் என்னைக் கேட்கவில்லை. இறக்கினார்கள். அதுதான் முறை, இறக்காமல் போகக் கூடாது. காலையில் எறக்கு எறக்கு என்று அவள் அழுத இடத்தில் அப்போதுதான் அவளைக் கிடத்தினோம். நான் உன்னை மாரோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். உன் தாத்தா என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் நானும் எதிர்த்துத் திட்டியிருப்பேன்.

மூன்று வயதில் நீ, "எங்கம்மா எங்க செத்துச்சு?" என்று கேட்டாய். ஆஸ்பத்திரியில் என்றேன். "ஃபேன் சுத்துச்சா?" என்றாய். நீ கீழே போய் முதல் தடவையாக ஃபேனைப் பார்த்து வந்த புதிது. சுத்துச்சு கண்ணு என்றேன். உன் முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன்னை ஆறு வயதில் விடுதியில் விட்டது படிப்புக்காக மட்டும் இல்லை. அந்தப் பாதையில் நீ ஏறி இறங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் பெருமை பேசியதும் அதனால்தான். உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாக இருந்தது.

நடந்தது இதுதான். ஒன்றையும் மறைக்கவில்லை.

ஆயா

•

வகயாமா, ஜப்பான்
14.12.2025

ஆயாவுக்கு,

கடிதம் வந்த அன்று காலை கூட்டத்தோடு கிளம்ப வேண்டியிருந்தது. பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது வாசித்தேன். பெரியவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஊரில் ஒரு சாவு என்றேன். எப்போது என்றார். இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்றேன். அவர் அன்றைக்கு மட்டும் என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டுத் தான் கடைசியில் வந்தார்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாது. அதை நான் கேட்கவும் இல்லை. உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் என்னால் திரும்ப வாசிக்க முடிகிறது. "காட்டு ஆத்தா" என்ற இடம் வந்ததும் மடித்துவிடுகிறேன்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அது தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அடுத்த வளைவு என்றுதான் சொல்லியிருப்பேன், சொல்லியும்விட்டேன். ஆனாலும் அம்மா கேட்டாள் ஆயா. இரண்டு தடவை கேட்டாள். இரண்டுக்கும் நீங்கள் அப்புறம் என்று சொல்லிவிட்டீர்கள்.

பொங்கலுக்கு வரவில்லை. லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது தண்டனை இல்லை. உங்கள் முன்னால் வந்து நின்றால் நீங்கள் காப்பி கொடுப்பீர்கள், நான் வாங்கிக் குடிக்க வேண்டும். அந்த டம்ளரை வாங்க இப்போது கை வராது. எப்போது வரும் என்று தெரிந்தால் எழுதுகிறேன்.

உண்மையை எழுதியதற்கு நன்றி என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மேலே அடித்திருப்பது அதுதான்.

மதியழகன், கோகிலவாணி, சந்துரு எல்லோருக்கும் என் வாழ்த்து.

தேவிப்பிரியா

•

வத்தல்மலை
5.1.2026

அன்புள்ள தேவிப்பிரியாவுக்கு ஆயா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நீ வரவேண்டாம் கண்ணு. கை வராமல் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட அங்கேயே இரு. நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஜெயபால், "எழுதிக் கெடுத்துட்டியே ஆத்தா. இல்லன்னு ஒரு வார்த்த சாதிச்சிருந்தா புள்ள வந்திருக்கும்ல?" என்று சத்தம் போட்டான். வந்திருப்பாய். எனக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் லீவுக்குக் கோகிலவாணி வந்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அங்கயே எறக்கியிருந்தா பொழச்சிருப்பாளா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாது ஆயா. பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம்" என்றாள். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல நர்ஸாகத்தான் வந்திருக்கிறாள்.

மாயவனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், பிள்ளைக்கு எழுதிவிட்டேன் என்று. தலையைக் குனிந்துகொண்டான். "நானாவது எறக்கியிருக்கணுங்க அக்கா" என்றான். "இல்லடா, நீ நின்ன. நாந்தான் நடக்கச் சொன்னேன்" என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசியது இதுதான் முதல் தடவை. அவன் தோளில் கழி அழுத்திய தழும்பு இன்னும் இருக்கிறது, காட்டினான்.

பொங்கலுக்கு நீ வரவில்லையா என்று ஊரில் கேட்கிறார்கள். வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், முடிந்தால் செய். சந்துரு செல்போனில் காட்டுகிற படங்களில் எல்லாம் நீ ஏற்றத்திலேயே நிற்கிறாய், முதுகில் பை, கையில் கோல். அது வேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்து, பேப்பரில் போட்டு, தபாலில் அனுப்பு. பையை இறக்கி வைத்துவிடு. காலை நீட்டி நன்றாக உட்கார். எந்தக் கல்லில் உட்கார்ந்தாலும் சரி கண்ணு, உட்கார்ந்திருக்கிற போட்டோவாக அனுப்பு.

ஆயா சாலம்மாள்